வாக்குச் சூழ்ச்சி அல்லது கூட்டு மந்திரிசபைக் காலத்து வாக்காளர் கடமை

தேர்தல் நெருங்குந்தோறும் நம் சங்கத்தின் வாயிலில் ஒரு வினா வந்து நிற்கின்றது. "நம்மவர் வாக்கு யாருக்கு?" என்பதே அவ்வினா. கட்சித் தலைவர் வினவுகின்றனர். அவர்தம் தூதுவர் வினவுகின்றனர். நம்முள்ளேயே சிலர், சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, இன்ன கட்சிக்கே நம்மவரெல்லாம் வாக்களித்தல் வேண்டுமெனக் கட்டளையிடுதல் தக்கதென்கின்றனர். இவ்வினாவிற்கு விடை கூறுமுன், கட்சிகள் பலவாகி, அவை தம்முட் கூடியும் பிரிந்தும் ஆட்சி நடாத்துங் காலத்தே வாக்கென்பது எவ்வாறு தொழிற்படுகின்றது, கொடுத்த வாக்கு எங்கெங்குச் சென்று சேர்கின்றது என்பவற்றை வரலாற்று முகத்தான் ஆராய்தல் இன்றியமையாததாகும். அதனையே யாம் ஈண்டுச் செய்யப் புகுகின்றோம்.

தான் மிக விரும்பும் அபேட்சகர் வெல்லாரெனக் கண்ட ஒருவன், வெல்லக்கூடியார் இருவருள் தனக்கு ஏற்புடையாரைத் தேர்ந்து அவர்க்கு வாக்களிப்பானாயின், அச்செயலை வாக்குச் சூழ்ச்சி எனல் பொருந்தும். சூழ்ச்சி என்னுஞ் சொல் இக்காலத்தே வஞ்சனையென்னும் பொருளில் வழங்குகின்றதாயினும், பண்டைச் சான்றோர் அதனை ஆராய்ந்து எண்ணுதல் என்னும் பொருளிலேயே பெரிதும் ஆண்டனர். அரசனுக்கு உறுதி கூறும் அமைச்சரைச் சூழ்வார் என்றதும் அதுபற்றியே யாகும். எனவே இக்கட்டுரையில் அச்சொல் வருமிடங்களிலெல்லாம் நல்லெண்ணத்தோடு கூடிய ஆராய்ச்சி என்றே அன்பர்கள் கொள்வாராக.

நம் நாட்டுப் பழைய குடவோலை முறையில் இத்தகைய சூழ்ச்சிக்கு இடமில்லை. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தே, கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் அம்முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்பவற்றால் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். தகுதியை வகுத்தது சபை; ஆளைத் தேர்ந்தது குடம். பிறர் எவ்வாறு செய்வரென எண்ணித் தன் செயலை மாற்றிக்கொள்ளும் வேலை அங்கு யாருக்கும் இல்லை. ஆங்கிலேயர் வாயிலாக நமக்கு வந்த வாக்குமுறையோ முற்றும் வேறானது. ஒரு தொகுதியில் எத்துணைப் பேர் நிற்பினும், ஏனையோர் ஒவ்வொருவரினும் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர் வென்றவராவர். மூன்றாமிடத்தார் பெற்ற வாக்குகளுக்குத் தனியே பயனில்லை. ஆதலின் வாக்காளர் நாளடைவில் முதலிரு இடத்தாரையே நோக்கித் திரும்புவர். இவ்வுண்மையைப் பிரெஞ்சு தேசத்து அறிஞர் மோரீசு துவெர்ழே என்பார் 1951-ஆம் ஆண்டில் கட்சிகளைப்பற்றி இயற்றிய நூலில் எடுத்துக் காட்டினார்.

நம் கொங்குநாட்டிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டிற்கு அணித்தாகிய மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் அபேட்சகராக நின்றனர். வேளாண்மக்கள் தம் குறைகளை அரசினர்க்கு உணர்த்தவேண்டி அவ்வாறு நின்றனர். வாக்குச் சீட்டே ஒரு புத்தகம் போலாயிற்று. தேர்தல் நாளையும் தள்ளிவைக்க நேர்ந்தது. ஆயினும் வென்றவர் தி. மு. கழகத்தைச் சார்ந்த சுப்புலட்சுமி ஜெகதீசன் அம்மையாரே. ஆயிரவர்க்கு மேற்பட்டோர் நின்ற இடத்தும் வாக்கு பெருங்கட்சிகளிடமே குவிந்தது. அதன் பின்னர் அபேட்சகர் கட்டும் முன்பணம் சட்டசபைக்கு 250 ரூபாயினின்று 5000 ரூபாயாகவும், பாராளுமன்றத்திற்கு 500 ரூபாயினின்று 10000 ரூபாயாகவும் உயர்த்தப்பெற்றது.

இனி, ஒரு கட்சியே தனித்து ஆளுமிடத்து இவ்வளவு கணக்குப் போதுமானதாகும். தேர்தல் முடிந்தபின் கட்சிகள் கூடி மந்திரிசபை அமைக்குமிடத்தோ மற்றொரு கணக்கும் வேண்டப்படும். 'யாம் வெல்விக்கும் இவர், வென்றபின் யாரோடு கூடுவர்?' என்பதே அது. இவ்விரண்டாங் கணக்கைப் பாராத வாக்காளர்க்கு நேர்ந்தவற்றை நம் சென்னை ராஜதானியின் வரலாறே காட்டும்.

இரட்டையாட்சிக் காலத்தே, 1926-ஆம் ஆண்டில் நடைபெற்ற மூன்றாந் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் 98 ஸ்தானங்களில் சுயராஜ்யக் கட்சியார் 41 பெற்றுப் பெருங்கட்சியினராயினர். அதற்குமுன் ஆறாண்டுகள் ஆண்ட ஜஸ்டிஸ் கட்சி தோல்வியுற்றது. மக்கள் ஆட்சியை மாற்ற விரும்பினரென்பது தெளிவு. ஆயினும், இரட்டையாட்சியிற் பதவி ஏலாமை காங்கிரசின் கொள்கையாதலின், வென்றவர் மந்திரிசபை அமைக்க மறுத்தனர். தோற்ற ஜஸ்டிஸ் கட்சியாரும் இசையவில்லை. அப்பொழுது கவர்னராயிருந்த கோஷன் பிரபு, எக்கட்சியையுஞ் சாராத டாக்டர் பி. சுப்பராயன் அவர்களை முதன்மந்திரியாக்கினார். இவர் திருச்செங்கோட்டையடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார். நம் கொங்கு வேளாள மரபினர். முதலில் அம்மந்திரிசபைக்குச் சுயராஜ்யக் கட்சியார் இடையூறு செய்யாதிருந்தனர். 1928-இல் சைமன் கமிஷனைப் புறக்கணிப்பதுபற்றி வேற்றுமை எழவே, ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் மந்திரிபதவியை விட்டு நீங்கினர். சுப்பராயன் ஜஸ்டிஸ் கட்சியாரின் துணைபெற்று, முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் சேர்த்துக்கொண்டு 1930 வரை ஆட்சி நடாத்தினார். அரசாங்க உத்தியோகங்களில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை அம்முத்தையா முதலியாரே செயல்முறைக்குக் கொணர்ந்தார்.

இந்நிகழ்ச்சியின் உட்பொருளை ஆராய்வாம். 1926-இல் ஜஸ்டிஸ் கட்சி வேண்டாவென வாக்களித்தவர், இரண்டாண்டிற்குள் அக்கட்சியின் தோள்மீது நிற்கும் மந்திரிசபையைக் கண்டனர். நம் மரபினர் ஒருவர் முதன்மந்திரியானதும், நம் போன்ற வகுப்பினர்க்கு உத்தியோக வழி திறந்ததும் நன்மையே எனினும், அந்நன்மை வாக்காளர் எண்ணியதன் பயனன்று. தேர்தலுக்குப்பின் தலைவர்கள் கூடியும் பிரிந்தும் செய்த ஏற்பாட்டின் பயனேயாகும். நன்மை இவ்வாறு எதிர்பாராமல் வருமாயின், தீமையும் அவ்வாறே வரக்கூடுமன்றோ?

வயதுவந்தார் யாவர்க்கும் வாக்குரிமை வந்த முதற்றேர்தலிலும் இதுவே நேர்ந்தது. 1952-இல் ஆந்திரப்பகுதியும் மலையாளப்பகுதியும் உள்ளிட்ட சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. கம்யூனிஸ்டுகள் 62 பெற்றனர். ஆந்திரகேசரி பிரகாசம் பல கட்சியாரை ஒன்றுகூட்டி 166 பேர் தம்முடன் உளரென்றார். கவர்னர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நில்லாத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து மந்திரிசபை அமைக்க அழைத்தார்.

அக்காலத்து வடமாவட்டங்களில் வன்னியகுல மக்கள் இரு கட்சிகளை அமைத்திருந்தனர். எஸ். எஸ். ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களும் பெற்றன. ஒரு குலத்தார் தம் சங்க பலத்தைக் கட்சியாக்கிப் பெற்ற வெற்றிகளுள் இது தலையாயது. 1949-இல் தோன்றிய தி. மு. கழகம் அத்தேர்தலில் தான் நில்லாமல், திராவிட நாட்டுக் கோரிக்கையைச் சட்டசபையில் ஆதரிப்பதாகக் கையொப்பமிட்ட அபேட்சகர்களை ஆதரித்தது. அவ்வாற்றான் காங்கிரஸ் வேண்டாவென்ற பலர் வாக்குகள் இவ்விரு கட்சிகட்கும் சேர்ந்தன. பின் நிகழ்ந்தது யாது? மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியானார். படையாச்சியார் சிறிதுகாலம் வெளியே நின்று, 1954-இல் காமராஜர் மந்திரிசபையிற் புகுந்தார். இரு கட்சிகளும் கலைந்து காங்கிரசொடு கலந்தன. அக்குலத்தார்க்கு மந்திரிபதவி கிட்டியது; காங்கிரசை வீழ்த்தவேண்டி அக்கட்சிகட்கு வாக்களித்தார் வாக்கோ காங்கிரஸ் ஆட்சிக்கே முட்டுக்கொடுத்தது. யாம் அத்தலைவர்களைக் குறை கூறவில்லை. தம் மக்களுக்கு நலந்தேடுதல் அவர் கடமை. ஆயினும் கையொப்பம் வாங்கியுங்கூட வாக்கின் செலவைத் தடுக்க இயலவில்லையென்பது நினைவிற்கொள்ளற்பாலது.

இத்தகைய ஏமாற்றங்கண்ட தலைவர்கள், தேர்தலுக்குப்பின் கூடுவதினும் தேர்தலுக்குமுன் கூடுதலே சிறந்ததெனத் துணிந்தனர். 1962-இல் காங்கிரஸ் நூற்றுக்கு 46 வாக்குகள் பெற்று, 206 ஸ்தானங்களில் 139-ஐக் கைப்பற்றியது. 1967-இல் அக்கட்சிக்கு நூற்றுக்கு 41 வாக்குகள் கிடைத்தன. ஐந்து வாக்குகளே குறைந்தன. ஆயினும் 234 ஸ்தானங்களில் அது பெற்றவை 51 மட்டுமே. தி. மு. கழகம் காங்கிரசினுஞ் சிறிது குறைந்த வாக்குகளே பெற்று 137 ஸ்தானங்களை அடைந்தது. காரணம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சீயக் கம்யூனிஸ்டுகள், முஸ்லிம் லீக் முதலியோர் அக்கழகத்தோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, காங்கிரசுக்கு எதிரான வாக்குகள் சிதறாமற் காத்தமையே. முன்னர் வாக்காளன் தனித்துச் செய்ய வேண்டியிருந்த சூழ்ச்சியை, அன்றுதொட்டுத் தலைவர்கள் அவனுக்காகச் செய்யத் தொடங்கினர். எனினும் 1967 முதல் 2021 வரை நடந்த சட்டசபைத் தேர்தல்களில் கூட்டணி வாக்குக்கே அமைந்தது. மந்திரிசபை ஒரு கட்சியாரதாகவே இருந்தது. 2006-இல் தி. மு. கழகம் 234-இல் 96 ஸ்தானங்களே பெற்றபோதும், காங்கிரசும் பிறரும் வெளியே நின்று தாங்க, அக்கழகத்தாரே மந்திரிகளாயினர்.

மேனாட்டில் இவ்விரண்டாங் கணக்கை வாக்காளரே செய்தலும் உண்டு. ஜெர்மனி தேசத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். ஒன்று தொகுதி அபேட்சகருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சிக்குக் கிடைக்கும் வாக்கின் அளவே சபையின் பங்கை வரையறுக்கும். நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த கட்சிக்குப் பொதுவாக இடமில்லை. ஆதலின் பெருங்கட்சியார் சிலர், தம்மோடு கூடி ஆளவிருக்கும் சிறுகட்சி அவ்வரம்பின்கீழ் வீழாதவாறு தம் இரண்டாம் வாக்கை அதற்குக் கடன்கொடுப்பர். 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் கீழ்ச்சாக்சனி மாகாணத்தில் கிறித்தவ ஜனநாயகக் கட்சியார் பலர் இங்ஙனஞ் செய்யவே, சிறிய கட்சியாகிய சுதந்திர ஜனநாயகர் நூற்றுக்கு 9.9 பெற்றனர். ஆயின் கடன்கொடுத்தார் கை சுருங்கியது. அவ்விரு கட்சியும் சேர்ந்து 68 ஸ்தானங்களே பெற, எதிரணியினர் 69 பெற்று ஆட்சியைக் கவர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் நாடு முழுதுக்கும் நடந்த தேர்தலிலோ பெருங்கட்சியார் கடன்கொடேமென்றனர். சுதந்திர ஜனநாயகர் 4.8 பெற்று, 1949-க்குப்பின் முதன்முறையாகப் பாராளுமன்றத்தினின்று நீங்கினர்; தலைவி மெர்க்கல் அம்மையார் எதிர்க்கட்சியோடே கூடி ஆள நேர்ந்தது. மிகுதியாகக் கொடுத்தாலும் கேடு, கொடாதுவிட்டாலும் கேடு. அளவறிந்து கொடுத்தலின் அருமை இதனாற் புலனாகும்.

இனி நம் கொங்குநாட்டிற்கு வருவாம். 2009-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பேரவையினின்று கொங்குநாடு முன்னேற்றக் கழகம் தோன்றி, அவ்வாண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் எக்கூட்டணியினுஞ் சேராது தனித்து நின்றது. மொத்தம் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகள் பெற்றது. ஸ்தானம் ஒன்றும் பெறவில்லை. தாராபுரம் அடங்கிய ஈரோட்டுத் தொகுதியில் ம. தி. மு. கழகத்துக் கணேசமூர்த்தி, காங்கிரசைச் சார்ந்த இளங்கோவனை ஏறத்தாழ 49 ஆயிரம் வாக்குகளால் வென்றார். கொங்குக் கட்சி பெற்றது ஒரு லட்சத்துக்கு மேல். கோயமுத்தூரில் மார்க்சீயக் கம்யூனிஸ்டு நடராஜன் வென்ற வித்தியாசம் ஏறத்தாழ 38 ஆயிரம். கொங்குக் கட்சி பெற்றது ஏறத்தாழ 1 லட்சத்து 28 ஆயிரம். வாக்குகள் வீணாயின என்றனர் சிலர். அவை வீணாகவில்லை, ஒரு கூட்டத்தாரின் கனத்தை ஊரறிய நிறுத்துக் காட்டின. பெருங்கட்சிகள் அவ்வெண்ணிக்கையைக் கண்ணுற்றன.

அடுத்து நேர்ந்தது வேறு. 2011-இல் அக்கட்சி தி. மு. கழகக் கூட்டணியில் 7 தொகுதிகளிற் நின்று ஏழிலும் தோற்றது. பின்னர்ப் பிரிவு நேர்ந்து, 2013-இல் ஈ. ஆர். ஈஸ்வரன் தலைமையில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி உண்டாயிற்று. அது 2014-இல் பாரதிய ஜனதாக் கட்சியோடும், 2019-இல் தி. மு. கழகத்தோடும் கூடியது. 2019-இலும் 2024-இலும் நாமக்கல் பாராளுமன்றத் தொகுதியையும், 2021-இல் திருச்செங்கோட்டுச் சட்டசபைத் தொகுதியையும் அக்கட்சியார் வென்றனர். இவ்வெற்றிகள் யாவும் உதயசூரியன் சின்னத்திற் கிடைத்தவை. தேர்தற் பதிவேட்டில் அவை தி. மு. கழகத்தின் கணக்கிலேயே ஏறும். தனித்து நின்ற காலத்தே எண்ணிக்கை இருந்தது, ஸ்தானம் இல்லை. கூடிய காலத்தே ஸ்தானம் உண்டு, எண்ணிக்கை இல்லை. பேரம் பேசற்குரிய எண்ணிக்கை பிறர் பையினுட் சென்றபின், ஆண்டுதோறும் பழைய கணக்கையே காட்டிப் பேச வேண்டியதாகும். இது தவறென்று யாம் சொல்லோம். இதற்கு விலை உண்டென்பதை மட்டும் சொல்வோம்.

இறுதியாக எம் தாராபுரத்தை நோக்குக. இது நெடுங்காலமாகப் பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டசபைத் தொகுதி. இங்கே நம் குலத்தார் அபேட்சகராக நிற்றற்கில்லை. ஆதலின் 'நம்மவர் யார்?' என்னும் வினாவுக்கே இடமில்லாமல், 'தக்கவர் யார்? அவர் யாரோடு கூடுவர்?' என்று எண்ணி வாக்களிக்கும் பயிற்சி நமக்கு வாய்த்தது. வட ஜில்லாக்களிலேயே வேரூன்றிய பாட்டாளி மக்கள் கட்சி, 2001-இல் அ. தி. மு. கழகக் கூட்டணியில் இங்கே வென்றது. 2016-இல் தி. மு. கழகக் கூட்டணியில் நின்று காங்கிரஸ் இங்கே வென்றது. அவ்வாண்டு தமிழ்நாடு முழுதிலும் அக்கட்சி பெற்ற ஸ்தானங்கள் எட்டே. 2021-இல் தி. மு. கழகத்துக் கயல்விழி செல்வராஜ் அம்மையார் 89,986 வாக்குகளும், அ. தி. மு. கழகக் கூட்டணியில் நின்ற பாரதிய ஜனதாக் கட்சியின் மாகாணத் தலைவர் முருகன் 88,593 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 1,393. வென்ற அம்மையார் மாகாண மந்திரியானார். தோற்றவரும் சின்னாட்களில் மத்திய மந்திரிசபையிற் சேர்ந்தார். இவ்விரு பெருமைக்கும் நடுவே நின்றவை நம் தாலூகாவின் சில ஊர்களின் வாக்குகளே யன்றோ?

அந்த 1,393 வாக்கும் எத்தெருவினின்று வந்தன, எக்குலத்தார் அளித்தனர் என்று ஒருவராலும் கூறவியலாது. அவ்வறியாமையே வாக்காளனின் வலிமை. இன்ன குலத்தார் வாக்கு இன்ன கட்சிக்கே யென முன்னரே துணியப்படுமாயின், ஒரு கட்சி அதனை வேண்டிச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மற்றொரு கட்சி அதனை இழந்ததாகவே கருதி நம்மைத் திரும்பியும் பாராது. தீர்மானத்தின் பயன் அதனைக் கொண்டுசென்று காட்டும் ஓரிருவர்க்கே எய்தும். அதன் பழி நம் அனைவர்க்கும் ஆகும். அன்றியும், நம் தோட்டங்களில் உழைக்கும் பட்டியல் வகுப்பினர் முதலாய அயலார், நம் தீர்மானத்தைத் தமக்கெதிரான கட்டுப்பாடென எண்ணுதலுங் கூடும். ஒருவரோடொருவர் முகம்பார்த்து வாழவேண்டிய ஊரில் அஃது ஒருபோதும் நன்றன்று.

ஆகலின் சங்கத்தார்க்கும் அன்பர்கட்கும் யாம் விண்ணப்பிப்பன இவை. முதலாவது, சங்கம் எக்கட்சிக்கும் வாக்குத் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டா. அதற்கு மாறாக, அபேட்சகர் அனைவரையும் ஒரே மேடைக்கு அழைத்து, அமராவதிப் பாசனம், பள்ளிக்கூடம், விளைபொருள் விலை ஆகியவற்றோடு, தேர்தலுக்குப்பின் யாரோடு கூடுவர், யாரோடு கூடார் என்பதையும் வெளிப்படையாக வினவுதல் வேண்டும். விடையை இத்திங்களிதழில் உள்ளவாறே அச்சிடுதல் வேண்டும். இரண்டாவது, தான் மிக விரும்புவார்க்கே வாக்களித்துத் தன் கனத்தைக் காட்டுவதோ, வெல்லக்கூடியவர்க்கு அளித்து ஆட்சியை மாற்றுவதோ, ஒவ்வொருவரும் தாமே துணிக. இரண்டும் முறையே, எண்ணாது அளித்தலொன்றே முறையன்று. மூன்றாவது, ஒரு வீட்டில் நால்வர் வாக்காளராயின் நால்வரும் தனித்தனியே எண்ணுக. தாய்மாரும் மருமக்களும் வீட்டுத்தலைவர் சொல்லும் சின்னத்தைத் தேடி அழுத்துவதோடு நிற்பராயின், அவ்வீட்டிற்கு உள்ளது ஒரு வாக்கே.

"நம்மவர் வாக்கு யாருக்கு?" என்று இனி யாரேனும் சங்கத்தின் வாயிலில் வந்து வினவுவாராயின், "அஃது எங்களுக்கே இன்னும் தெரியாது, எங்கள் மக்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்" என்று நம் காரியதரிசி விடை பகர்வாராக. அவ்விடையைக் கேட்டபின்னரே வந்தவர் அமர்ந்து நம் குறைகளைக் கேட்பர்.